கிணற்று மேட்டில் ஒரு வெற்றிலைப் பெட்டி: குடும்ப மர்மத்தைக் கதையாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எங்க தாத்தா சாவுல ஒரு மர்மம் இருக்கு, நாவலா எழுதுறேன்” என்று கைப்பிரதியோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பத்துப் பக்கம் புரட்டினால் போதும், இருபது வருடத்துக்கு முன் நான் விழுந்த அதே குழி. எழுத்துப்பிழை, வம்சாவளி வரைவது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எழுதிய காட்சியைச் சாட்சிக்கே வாசித்துக் காட்டுவது

எங்கள் பூட்டனார் 1940களில் ஒருநாள் விடிகாலை கமலைக் கிணற்றில் மிதந்தார். இறைவைக்கு மாடு பூட்டப் போனவர்கள்தான் பார்த்தது. தண்ணீர் முறைத் தகராறில் பங்காளி தள்ளிவிட்டான் என்பது பாதிக் குடும்பத்தின் பேச்சு. இருட்டில் கால் இடறியது என்பது மீதிப் பாதி. அவர் மக்களில் மிஞ்சியிருந்தது சின்னாச்சி மட்டும்.

நான் அவசரக்காரன். கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன்: நடுச்சாமம், கூனையிலிருந்து சொட்டும் தண்ணீர், பங்காளி மறந்துவிட்டுப் போன பித்தளை வெற்றிலைப் பெட்டி. ஞாபகத்தைக் கிளறிவிடலாமே என்று ஆச்சிக்கு வாசித்தும் காட்டினேன். “ம்” என்றதோடு சரி. எட்டு மாதம் கழித்து டேப் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்தால், “கெணத்து மேட்டுல வெத்தலப் பெட்டி கெடந்துச்சுல்லா, எங்கம்ம சொல்லுவா” என்கிறாள்.

தூக்கிவாரிப்போட்டது. பெட்டி என் கற்பனை. கற்பனைதானா? அதையும் சத்தியம் பண்ண முடியவில்லை. ஆச்சி எப்போதோ சொன்னதையும் எனக்குத் தோன்றியதையும் ஒரே நோட்டில், ஒரே பேனாவில், தேதி போடாமல் கிறுக்கி வைத்திருந்தேன். இதற்குள் ஆச்சியின் மகன் ஒரு கல்யாண வீட்டில் பெட்டிக் கதையை அவிழ்த்துவிட, பங்காளி வீட்டார் பந்தியிலிருந்து எழுந்து போனார்கள். இன்றுவரை அந்த வீட்டுப் பத்திரிகை எங்களுக்கு வருவதில்லை. ஆச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்த ஒரே சாட்சி, அதையும் நானே கலைத்தேன். இப்போதும் அந்த நோட்டைத் திறந்தால் எரிச்சலாக வரும்.

முதலில் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள். “யார் தள்ளினது?” என்று கேட்டால் கட்டாயம் ஒரு பெயர் வரும். “அன்னைக்கு உங்க வீட்டுல அடுப்பு பத்த வச்சது யாரு?” என்று கேட்டுப்பாருங்கள், வேறு என்னவெல்லாமோ வரும். கேட்டதற்கு ஒரு நோட்டு, புனைந்ததற்கு வேறு நோட்டு. சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தது யார் என்பது முதல் நோட்டில் இருந்தே ஆக வேண்டும்.

நிலாவைப் பார்க்காமல் எழுதுவது

ஒரு தம்பி பால் நிலாவில் கொலையை எழுதிக்கொண்டு வந்தார். அவர்கள் வீட்டில் திவசம் தேய்பிறைச் சதுர்த்தசி. அமாவாசைக்கு முந்தின திதி, நடுராத்திரியில் ஏது நிலா? திதி தெரிந்தால் அன்றைய வானமே கையில் இருக்கிறது. ஆனால் அமாவாசையில் கொடுக்கிறோம் என்று சொன்னால் உஷார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கும் அன்றுதான் கொடுப்பார்கள். தமிழ் வருடமும் ஏமாற்றும்: சித்திரபானு 1942இலும் பிறந்தது, 1882இலும் பிறந்தது.

ஃபசலி

பழைய நில, வரிக் கணக்குகளில் வரும் வருடக் கணக்கு இது. ஆங்கில வருடம் வேண்டுமென்றால் 590 கூட்டுங்கள். கூட்டி வருகிற வருடத்தின் ஜூலையில்தான் அந்த ஃபசலி பிறக்கும்.

பதிவு இல்லாவிட்டால் மறைத்துவிட்டார்கள் என்பது

கிராமத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதியவர் கிராம முன்சீப். அந்தப் பதவியே 1980இல் ஒழிந்துவிட்டது. பழைய கட்டுகளைக் கரையான் தின்றிருக்கலாம், கரையானுக்கு உள்நோக்கம் கிடையாது. பதிவு கிடைத்து, காரணம் ‘காய்ச்சல்’ என்று இருந்தாலும் துள்ள வேண்டாம். முன்சீப் டாக்டர் அல்ல.

கொலைகாரன் பெயர்

மாற்றுங்கள். ஊரையும் சேர்த்து. பேரன் பேத்திகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.