திருச்சபைக்கு வெளியே மீட்பு உண்டா? மறைக்கல்வி ஆசிரியர் பதில் சொல்லும் முறை

வேலூர் மறைமாவட்டத்தில் மறைக்கல்வி கற்பிப்பவரும், அன்பியக் கூட்டத்தை (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுவை) வழிநடத்துபவரும், சிற்றூர்களில் உபதேசியாராகப் பணியாற்றுபவரும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் சேராதவர் மீட்படைய முடியுமா என்பதே அது. ஒரே கோட்டைச் சுவருக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் தூய யோவான் ஆலயமும் இருக்கும் ஊரில், இக்கேள்வி ஏட்டுப் படிப்பிலிருந்து எழுவதில்லை. பெரும்பாலும் கேட்பவர் ஒரு குறிப்பிட்ட மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார். அந்த மனிதர் இறந்துபோன இந்து மாமியாராக இருக்கலாம், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் உடன் வேலை பார்க்கும் முஸ்லிம் நண்பராக இருக்கலாம், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாமலே இறந்த குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே பதில் சொல்லத் தொடங்கும் முன், கேட்பவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்பதை மென்மையாக விசாரித்துக்கொள்ள வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம், திருச்சபையின் ஆயர்கள் கூடி முடிவெடுத்த சங்கங்களின் ஆண்டுக் கணக்கை ஒப்புவிப்பது கொடுமை. விவாதத்துக்கென்றே வந்தவரிடம் ஆறுதல் மொழி மட்டும் சொல்லி அனுப்புவது ஏமாற்று. போதனை இருவருக்கும் ஒன்றே என்றாலும், எங்கே தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்

இப்பொருளில் திருச்சபை இரண்டு உண்மைகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலாவது, எல்லா மீட்பும் கிறிஸ்துவிடமிருந்து அவருடைய உடலாகிய திருச்சபை வழியாகவே வருகிறது. அதனால் நம்பிக்கையும் திருமுழுக்கும் திருச்சபையும் மீட்புக்குத் தேவையானவை. யோவான் நற்செய்தி 3:5, மாற்கு 16:16, திருத்தூதர் பணிகள் 4:12 ஆகிய பகுதிகள் இதற்கு அடிப்படை. இரண்டாவது, எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்று கடவுள் விரும்புகிறார் (1 திமொத்தேயு 2:4). எனவே தம் குற்றத்தால் அல்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியையும் திருச்சபையையும் அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சான்றின் வழியே அவருடைய விருப்பத்தை நிறைவேற்ற முயல்வோர் மீட்படைய முடியும்.

இவற்றுள் முதலாவதை மட்டும் சொல்பவர் அண்டை வீட்டாரையெல்லாம் நரகத்துக்கு அனுப்பிவிடுகிறார். இரண்டாவதை மட்டும் சொல்பவர் 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்ற இடத்தில் போய் நிற்கிறார். நம் ஊர் மேடைகளில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும், ஆனால் கத்தோலிக்கப் போதனை அதுவன்று. இரண்டையும் இணைத்துக் காட்ட ஓர் உவமை வேண்டுமென்றால் பாலாற்றைச் சொல்லலாம். மேலே நீரோட்டம் தெரியாத மாதங்களிலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கிறது. ஆனால் அது வேறு ஆற்றின் நீரன்று. திருச்சபையின் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பால் அருள் செயல்படும்போதும், அது கிறிஸ்துவின் அருளே. அவருக்கு இணையாக இன்னொரு மீட்பின் வழி இருப்பதாக இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் உரோமையில் போதனையைக் கவனிக்கும் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'தோமினுஸ் ஏசுஸ்' அறிக்கை அக்கருத்தைத் தெளிவாக மறுக்கிறது.

பழைய வாக்கியத்தை அதன் இடத்தில் வைத்து விளக்குங்கள்

'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை' என்ற வாக்கியத்தை யாரேனும் எடுத்துக் காட்டினால் மழுப்ப வேண்டாம். அது திருச்சபையின் வாக்கியம்தான். ஆனால் அது பிறந்த சூழலைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்து 258-இல் மறைசாட்சியாக உயிர்நீத்த புனித சிப்பிரியான், பிரிந்துபோன குழுவினர் கொடுக்கும் திருமுழுக்குச் செல்லுமா என்ற வழக்கில் இச்சொற்களை எழுதினார். திருச்சபையை அறிந்தும் உடைத்துக்கொண்டு போனவர்களே அவர் கண்முன் இருந்தவர்கள். நற்செய்தியைக் கேள்விப்படாத தொலைதூர மக்களைப் பற்றி அவர் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த வழக்கில், பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்குச் செல்லாது என்ற சிப்பிரியானின் முடிவைத் திருத்தந்தை முதலாம் ஸ்தேவான் ஏற்கவில்லை என்பதையும், திருச்சபை பின்னர் ஸ்தேவானின் பக்கமே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாக்கியத்தைத் திருச்சபை வைத்துக்கொண்டது; அவர் அதிலிருந்து இழுத்த முடிவை விட்டுவிட்டது. இந்த ஒரு செய்தி, வாக்கியத்தைத் தடியாக ஓங்குபவர்களைச் சற்று யோசிக்க வைக்கும்.

1215-இல் நான்காம் லாத்தரன் சங்கமும், 1302-இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸும், 1442-இல் புளோரன்ஸ் சங்கமும் இதே போதனையைக் கடுமையான சொற்களில் கூறியுள்ளன. நற்செய்தி எங்கும் எட்டிவிட்டது, ஏற்காதவர் வேண்டுமென்றே மறுத்தவர் என்று நம்பப்பட்ட காலம் அது. பின்னர் 1547-இல் திரிதெந்தின் சங்கம், திருமுழுக்கோ அதற்கான விருப்பமோ இன்றி ஒருவர் கடவுளுக்கு ஏற்புடையவராக முடியாது என்று கூறி, விருப்பத்துக்கும் இடம் தந்தது. 1854-இலும் 1863-இலும் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ், வெல்ல முடியாத அறியாமையில், அதாவது தம் முயற்சியால் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமையில், இருப்பவரைக் கடவுள் குற்றவாளியாகக் கருதமாட்டார் என்று எழுதினார். இத்தனைக்கும் அவர் தாராளவாதத்தின் நண்பர் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெனார்டு ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கத் திருச்சபையின் வெளிப்படையான உறுப்பினரைத் தவிர வேறு எவரும் மீட்படைய முடியாது என்று பிடிவாதமாகக் கற்பித்தபோது, 1949-இல் உரோமையிலிருந்து பாஸ்டன் பேராயருக்கு வந்த கடிதம் அவ்விளக்கத்தை மறுத்தது. திருச்சபையில் இணையும் விருப்பம் ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் உள்ளுறையாகவும் இருக்கலாம் என்று அக்கடிதம் விளக்கியது. உரோமைக்கு வரச் சொன்ன அழைப்பை ஏற்க மறுத்ததால் ஃபீனி 1953-இல் திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டார். 1972-இல் மீண்டும் ஒப்புரவானார். வெளியே மீட்பில்லை என்று முழங்கியவரே வெளியே நிற்க நேர்ந்தது.

'தெரிந்தும் மறுப்பவர்' என்றால் யார்?

விளக்கம் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். அதனால் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 14-ஆம் எண், கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்துவால் தேவையானதாக நிறுவப்பட்டது என்று அறிந்திருந்தும் அதில் நுழையவோ நிலைத்திருக்கவோ மறுப்பவர் மீட்படைய முடியாது என்கிறது. அப்படியானால் நம் பகுதியில் 'அறியாதவர்' என்று எவரும் இருக்க முடியுமா என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார். காட்பாடியிலும் திருப்பத்தூரிலும் கன்னியரும் சலேசியத் துறவியரும் நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் படித்தவர்கள், மிஷன் மருத்துவமனையில் பிறந்தவர்கள், சேத்துப்பட்டு மாதா திருவிழாவுக்குப் பொரி வாங்கப் போனவர்கள் எல்லாரும் இயேசுவின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே.

பெயரைக் கேள்விப்படுவதும், அவரே ஆண்டவர், இதுவே அவர் நிறுவிய திருச்சபை என்று உள்ளம் தெளிவதும் ஒன்றல்ல என்பதே பதில். நம் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்த ஒருவர், ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தும், அதைப் பள்ளி ஒழுங்கின் ஒரு பகுதியாக மட்டுமே கண்டிருக்கலாம். கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே கண்ட சாதிப் பிரிவினை, நற்செய்தியை அவர் நம்ப முடியாதபடி மறைத்திருக்கலாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் மீட்பரின் பணி குறித்து எழுதிய சுற்றுமடலில், பலர் வாழும் சமூகப் பண்பாட்டுச் சூழல் நற்செய்தியை அறிந்து ஏற்க இடம் தருவதில்லை என்றும், அவர்கள் வேறு சமய மரபுகளில் வளர்க்கப்பட்டவர்கள் என்றும் குறிப்பிட்டார். ஒன்பதாம் பயஸும், மக்கள், நாடுகள், மனத்திறன்கள் ஆகியவற்றின் வேறுபாட்டை எண்ணும்போது இத்தகைய அறியாமையின் எல்லையை வரையறுக்க யார் துணிவார் என்று கேட்டிருந்தார். எனவே நம் ஆசிரியர்கள் எந்தத் தனிமனிதரைப் பற்றியும், வாழ்பவரோ இறந்தவரோ, 'அவருக்கு மீட்பில்லை' என்று வகுப்பில் சொல்லக் கூடாது. அது கடவுளுடைய வேலை.

அதே 14-ஆம் எண்ணின் அடுத்த பகுதியையும் விடாமல் வாசியுங்கள். நம்மவர்களுக்கு அது கசக்கும். திருச்சபையில் இணைந்திருந்தும் அன்பில் நிலைத்திராதவர் உடலால் மட்டும் அதன் மடியில் இருக்கிறார், உள்ளத்தால் இல்லை. அவர் மீட்படைவதில்லை என்கிறது சங்கம். வெளியே எத்தனை ஆடுகள், உள்ளே எத்தனை ஓநாய்கள் என்று புனித அகுஸ்தினார் எழுதியதும் இதே பொருளில்தான். பங்குப் பதிவேட்டில் பெயர் இருப்பதை நுழைவுச்சீட்டாக எண்ணுபவர்களிடம் மத்தேயு 25:31-46 பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள்.

பிற சபையாரிடம் பேசும்போது

அமெரிக்க ஆற்காடு மிஷனின் வழிவந்த சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையினரும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபையினரும் நம்மோடு சம்பந்தம் செய்துகொள்பவர்கள். தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அவர்கள் பெற்ற திருமுழுக்கைத் திருச்சபை ஏற்கிறது. ஆகவே அவர்களுள் ஒருவர் கத்தோலிக்கராக விரும்பினால் மீண்டும் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. நம்பிக்கை அறிக்கையின் வழியாக அவரை முழு உறவில் ஏற்றுக்கொள்கிறோம். முன்பு பெற்ற திருமுழுக்கைப் பற்றி உண்மையான ஐயம் இருந்தால் மட்டும் பங்குத்தந்தை அதை ஆராய்வார். இயேசுவின் பெயரால் மட்டும் முழுக்குக் கொடுக்கும் சில பெந்தெகொஸ்தே குழுக்களின் நிலை வேறு. அதைப் பங்குத்தந்தையிடமே விட்டுவிடுங்கள்.

'நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?' என்று வீட்டு வாசலில் நின்று கேட்பவரிடம் சினம் கொள்ள வேண்டியதில்லை. மீட்கப்பட்டேன் (உரோமையர் 8:24), மீட்கப்பட்டுவருகிறேன் (1 கொரிந்தியர் 1:18), மீட்கப்படுவேன் என்று எதிர்நோக்குகிறேன் (உரோமையர் 5:9) என்ற மூன்று விடைகளையும் திருவிவிலியத்திலிருந்தே கொடுக்கலாம். மீட்பு முழுவதும் அருளின் கொடை என்பதில் கத்தோலிக்கருக்கும் லுத்தரன் உலகக் கூட்டமைப்புக்கும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கையே கையெழுத்தானது என்பதையும் நினைவூட்டலாம்.

'வெளியிலிருந்தும் மீட்படையலாம் என்றால் ஞாயிறு திருப்பலிக்கு ஏன் வர வேண்டும்?' என்று கேட்கும் இளைஞருக்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்த வழி அறியாதவருக்குத் திறந்திருப்பது, அவரோ அறிந்தவர். மிகுதியாகக் கொடுக்கப்பட்டவரிடம் மிகுதியாக எதிர்பார்க்கப்படும் என்கிறது லூக்கா 12:48.

திருமுழுக்குப் பெறாத குழந்தையும் மருத்துவமனை அவசரமும்

குழந்தையை இழந்த தாயிடம் 'லிம்போ' என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் துன்பமின்றி, ஆனால் விண்ணகத்துக்கு வெளியே இருப்பதாகச் சொல்லப்பட்ட நிலை அது; இறையியலாரின் கருத்தாக நெடுங்காலம் இருந்தது. நம்பிக்கைக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 1992-இல் வெளிவந்த 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' என்ற நூல், 1257-ஆம் எண்ணில், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருந்தாலும் அவர் தம் அருளடையாளங்களால் (திருமுழுக்கு போன்ற புனிதச் சடங்குகளால்) கட்டுண்டவர் அல்லர் என்கிறது; 1261-ஆம் எண்ணில் இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அக்குழந்தைக்குத் திருச்சபை முறைப்படி அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (1183) கூறுகிறது. இதைப் பலர் அறியாததால், தேவையற்ற துயரத்தோடு தனியே புதைத்துவிட்டு வருகிறார்கள்.

குழந்தை இறக்கும் நிலையில் இருந்தால், குருவுக்காகக் காத்திராமல் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம்; திருச்சபையின் எண்ணத்தோடு செய்தால் திருமுழுக்குப் பெறாத செவிலியர் கொடுத்தாலும் செல்லும். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பெயரைச் சொல்லி, 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். 'நான்' என்பதற்குப் பதிலாக 'நாங்கள்' என்று சொன்னால் செல்லாது என்று 2020-இல் உரோமை அறிவித்தது. வயது வந்த நோயாளியாக இருந்தால் அவர் தாமே ஏதேனும் ஒரு வகையில் விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். நினைவிழந்து கிடக்கும் இந்து நோயாளியின் நெற்றியில் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளிப்பது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அவருடைய உரிமையை மீறுவதாகும். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், கொடுத்த நாள், இடம், உடனிருந்த சாட்சி, பெற்றோரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அது நடந்த இடத்துப் பங்குத்தந்தையிடம் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும்; அவர் பதிவேட்டில் பதிந்துகொள்வார். குழந்தை பிழைத்துக்கொண்டால் திருமுழுக்கை மீண்டும் கொடுப்பதில்லை. எஞ்சிய சடங்குகளை மட்டும் ஆலயத்தில் நிறைவேற்றுவார்கள்.