உறக்கநிலையிலிருந்து எழாத மேசைக்கணினி: விளக்கையும் விசிறியையும் கொண்டு கோளாறைக் கண்டறியும் முறை

உறக்கநிலைக்குச் சென்ற மேசைக்கணினி, விசைப்பலகையைத் தட்டியும் மவுஸை அசைத்தும் எழாமல் கிடக்கும்போது, பெரும்பாலோர் உடனே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ நான்கு விநாடிகள் அப்படிப் பிடித்தால் கணினி முற்றாக அணைந்துவிடும். அத்துடன் சேமிக்காத வேலையும், கோளாறு எங்கே இருந்தது என்று காட்டக்கூடிய அடையாளங்களும் போய்விடும். ஆகையால் பொத்தானில் கை வைப்பதற்கு முன், கேபினெட்டின் பவர் விளக்கு எரிகிறதா, விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா, கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா என்ற மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இனி வரும் எல்லாச் சோதனைகளும் இந்த மூன்று விடைகளையே சார்ந்திருக்கின்றன. இங்கே கூறப்படுபவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் இயங்கும் மேசைக்கணினிகளுக்கு உரியவை.

உறக்கநிலையில் கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அடையாளங்களின் பொருள் எளிதில் விளங்கும். எஸ்3 எனப்படும் வழக்கமான உறக்கநிலையில் பிராசசர், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, விசிறிகள் ஆகிய அனைத்திற்கும் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. திறந்திருந்த வேலைகளைத் தாங்கியிருக்கும் ரேமுக்கும், எழுப்பும் சைகைக்காகக் காத்திருக்கும் சில பகுதிகளுக்கும் மட்டும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன்னுடைய 5 வோல்ட் காத்திருப்பு இணைப்பின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. எழும்போது, மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ், ரேமையும் பிற பாகங்களையும் மீண்டும் இயங்கச் செய்து, விண்டோஸிடம் ஒப்படைக்க, விண்டோஸ், பாகங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒவ்வொன்றையும் விழிக்கச் சொல்கிறது. இந்தத் தொடரில் ஓர் இடத்தில் தடங்கல் ஏற்பட்டாலும் நமக்குத் தெரிவது கறுப்புத் திரை ஒன்றுதான்.

விசிறி சுழலவில்லை, பவர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது என்றால், கணினி இன்னும் நலமாக உறங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பும் சைகைதான் அதைச் சென்றடையவில்லை. பவர் பொத்தானை ஒரு முறை தொட்டு விட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். பிறகு விசைப்பலகையை யுஎஸ்பி ஹப்பிலிருந்து எடுத்து, கேபினெட்டின் பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள துளையில் செருக வேண்டும். இணைந்துள்ள கருவிகளை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகையின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், கணினியை எழுப்ப இந்தக் கருவியை அனுமதிக்கும் பெட்டியில் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கும் அணைந்திருந்தால், கணினி உறக்கத்திலிருந்து, வேலைகளை வட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும் ஹைபர்னேட் நிலைக்குத் தானாகவே சென்றிருக்கக்கூடும். அந்த நிலையில் பெரும்பாலான கணினிகளை விசைப்பலகையால் எழுப்ப முடியாது. பவர் பொத்தானைத்தான் தொட வேண்டும். இதைக் கோளாறு என்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் தூக்கிச் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

விசிறி சுழல்கிறது, கேப்ஸ் லாக் விளக்கும் விசைக்கு ஏற்ப மாறுகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால், விண்டோஸ் விழித்துவிட்டது என்று கொள்ளலாம். படம் மட்டுமே வரவில்லை. முதலில் மானிட்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைத்துப் போட வேண்டும். அடுத்து, விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) என்ற எழுத்தை அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல நேரங்களில் ஒரு சிறு ஒலியுடன் படம் திரும்பிவிடும். அதற்கும் மசியாவிட்டால், திரை தெரியாமலே வேலையைக் காப்பாற்றிப் பார்க்கலாம்: ஸ்பேஸ் விசையை அழுத்தி, கடவு எண்ணைத் தட்டி, என்டர் கொடுத்து, சில விநாடிகள் பொறுத்து, கன்ட்ரோலுடன் எஸ் என்ற எழுத்தை அழுத்தினால், முன்னால் திறந்திருக்கும் கோப்பு ஏற்கெனவே பெயரிட்டுச் சேமிக்கப்பட்டதாக இருந்தால் அதுவரையிலான மாற்றங்கள் பதிவாகிவிடும். அணைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முயற்சி இது.

இந்த வகைக் கோளாறு அடிக்கடி வருமானால், கேபிளின் மேல் ஐயம் கொள்வது நல்லது. டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணைக்கப்பட்ட சில மானிட்டர்கள் ஆழ்ந்த உறக்கத்திற்குப் போகும்போது, மானிட்டரே கழற்றப்பட்டுவிட்டதாக விண்டோஸ் கருதிவிடுகிறது. மானிட்டரின் பட்டியலில் ஆழ் உறக்கத்தை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் எச்டிஎம்ஐ கேபிளைக் கொண்டு சில நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். அண்மையில் டிரைவர் புதுப்பிக்கப்பட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பண்புகளுக்குச் சென்று, முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தானைப் பயன்படுத்த வேண்டும். டிரைவரை மாற்றிய பிறகு ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்வது முக்கியம். விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால், விண்டோஸின் கருப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே மீட்கப்படுகிறது. ரீஸ்டார்ட் ஒன்றே அதை முழுமையாகப் புதிதாய்த் தொடங்குகிறது.

விசிறி சுழல்கிறது, ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு அசைவதே இல்லை என்றாலோ, எழுவதற்குப் பதிலாகக் கணினி முதலிலிருந்து தொடங்கி, திறந்திருந்தவை அனைத்தும் காணாமல் போனாலோ, சிக்கல் இன்னும் கீழே இருக்கிறது. இங்கே பொறுமை வேண்டும், ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு அமைப்புகளை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது ஒருபோதும் தெரியாது. ரேமை அதன் இயல்பு வேகத்தைவிட விரைவாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு பயாஸில் இயக்கப்பட்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நாள் முழுவதும் குறையின்றி ஓடும் கணினியும், எழும் நொடியில் ரேமை அந்த வேகத்தில் நிலைப்படுத்த முடியாமல் நின்றுவிடுவதுண்டு. அடுத்து, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே இயங்காமல் போகக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இவற்றுக்கும் சரியாகாத பழைய கணினியில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். அதன் காத்திருப்பு மின்சாரம் வருவது 24 முனை இணைப்பியின் 9ஆம் முனையில், வழக்கமாக ஊதா நிறக் கம்பியில்; அளவு 4.75 வோல்ட்டுக்கும் 5.25 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த அளவீட்டை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது, ஏனெனில் அதன் கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். எல்லோரும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: யுஎஸ்பி துளைகளில் சார்ஜ் ஆகும் கைபேசி, வெளி ஹார்ட் டிஸ்க் முதலிய அனைத்தையும் கழற்றிவிட்டு, விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்க உறங்க வைத்துப் பார்ப்பது. அப்போது ஒழுங்காக எழுந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

எந்த வகை என்று தெளிவாகாவிட்டால், கணினி மீண்டும் இயங்கியதும், விண்டோஸ் குறித்து வைத்த நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் பதிவுகளில் சிஸ்டம் என்ற பிரிவைப் பார்க்க வேண்டும். கெர்னல் பவர் என்ற பெயரில் 42 என்ற எண் இருந்தால் கணினி உறங்கச் சென்றது என்றும், 107 இருந்தால் உறக்கத்திலிருந்து மீண்டது என்றும், 41 இருந்தால் முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்றும் பொருள். 42க்குப் பின் 107 இன்றி 41 மட்டும் இருந்தால், விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே தடை ஏற்பட்டிருக்கிறது. பயாஸ், ரேம், எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்க வேண்டும். இடையில் 107 இருந்தால் விண்டோஸ் விழித்திருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவரையும் மானிட்டரையும் கவனிக்க வேண்டும்.

காரணம் பிடிபடும் வரை, பவர் அமைப்புகளில் உறக்க நேரத்தை ஒருபோதும் வேண்டாம் என்று வைத்துவிட்டு, திரை மட்டும் அணையும்படி விடலாம். நீண்ட நேரம் விலகிச் செல்லும்போது ஹைபர்னேட் செய்யலாம். அதில் வேலைகள் வட்டில் எழுதப்பட்டுவிடுவதால், மின்வெட்டு வந்தாலும் திறந்திருந்தவை அழியா. கண்ட்ரோல் பேனலில் பவர் பொத்தான்களுக்கான பகுதியில் ஹைபர்னேட்டுக்கு எதிரே குறியிட்டால், ஸ்டார்ட் பட்டியலில் அதுவும் ஒரு தேர்வாகத் தோன்றும்.