நெடுந்தீவுக் குதிரையும் சித்தப்பாவின் காணியும்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் எதைப் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் நூலகம், கோட்டை, நல்லூர், கசூரினாக் கடற்கரை, நெடுந்தீவுக் குதிரைகள் என்று வரும். அதையே ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குப் புதிதாகக் கட்டிய கோபுரம் (சுவிஸ் காசு), புதுக் கல்யாண மண்டபம் (கனடாக் காசு), அப்புறம் காணி விசயமாக ஒரு அலுவலகம். அந்த அலுவலகத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நெடுந்தீவுக்குப் படகு குறிகட்டுவானில். பண்ணை, வேலணை, புங்குடுதீவு தாண்டிப் போய், பிறகு கடலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். காலைப் படகை விட்டால் அன்றைய நாள் போச்சு. நான் செருப்புப் போடும் நேரம் பார்த்துச் சித்தப்பா ஒரு பைலோடு வந்து நின்றார்.

"குதிரை பாக்கவோ உவ்வளவு காசு குடுத்து வந்தனீ? வா, ஒரு கையெழுத்துத்தான்."

ஒரு கையெழுத்தாம். குடும்பக் காணியில் அப்பாவின் பங்கு இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பங்காளிக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்க முடியாது, ஆகவே நான் அப்பாவின் பிள்ளைதான் என்று காட்ட வேண்டும். என் பிறப்புப் பத்திரம், அப்பாவின் மரணப் பத்திரம், பழைய உறுதி (காணிப் பத்திரம்). முதல் நாள் கிராம அலுவலர் வெளிவேலையில். அடுத்த நாள் போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறை. அதற்கடுத்த நாள் பார்த்தால் என் வெளிநாட்டுப் பாஸ்போட்டில் இருக்கும் பெயரும் பிறப்புப் பத்திரத்துப் பெயரும் ஓர் எழுத்தில் இடிக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டார், "நீங்கள் எப்ப வெளிநாடு போனனீங்கள்?" படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் வராதவன் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த சித்தப்பாவுக்குத் தெரியும்.

ஆகவே காணி விசயம் ஏதும் இருந்தால், நீங்கள் வாழும் நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்தை (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) முடித்து முன்னரே அனுப்புங்கள். உறுதி முடிக்க நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், அதையெல்லாம் ஊரில் இருப்பவர் பார்க்கலாம். அற்றோணியை யாருக்குக் கொடுப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் குடும்பத்துச் சண்டை. டிக்கெட் போடும்போதே போயா நாட்களையும் பாருங்கள்.

நெடுந்தீவுக்குப் பிறகு போனேன்தான். குதிரை, பெருக்கு மரம் (பாவோபாப்), பவளக் கல் மதில்கள், எதுவும் எங்களை ஒரு கேள்வியும் கேட்காது, எங்களுக்குப் பிடிப்பதும் அதனால்தான் போல. படகில் பக்கத்தில் இருந்த தீவுக்காரர் குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1985 இல் இதே கடலில் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

சித்தப்பா சொன்னவற்றில் சரியானவையும் உண்டு. சுன்னாகம் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். பருத்தித்துறை வடை வாங்குங்கள், அப்படியே மணற்காட்டில் மணல் மூடிய பழைய தேவாலயத்தையும் பார்க்கலாம். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாக் கூழைக் கடையில் தேடாதீர்கள், வீட்டில் முதல் நாளே சொல்லி வையுங்கள். நல்லூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வான் வாடகையை ஏறமுதல் பேசுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம், மச்சானைப் பேச விடுங்கள்.