துணிக்கடைக்கு அளவு நாடாவும் கொண்டு போங்கள்

இரத்மலானையில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் 14 வருடங்கள் வேலை செய்தேன். முதல் 5 வருடம் தையல் வரிசை, மிச்சக் காலம் மாதிரி வெட்டும் பிரிவு. இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு மெஷின்களை வைத்துத் தையல் கடை நடத்துகிறேன். என்னிடம் வருகிற வேலையில் பாதி, கடையில் வாங்கிய புது உடுப்பைத் திருத்துகிற வேலை. காசு கொடுத்து வாங்கிய உடுப்பை ஏன் மறுபடி காசு கொடுத்துத் திருத்த வேண்டும் என்ற கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

போன தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு தாய் தன் இரட்டைப் பிள்ளைகளோடு வந்தார். ஐந்து வயது, ஒரு பெண், ஒரு ஆண். இருவருக்கும் ஒரே கடையில், ஒரே பிராண்டில், '5–6 வயது' என்று அச்சிட்ட ஜீன்ஸ் அரைக் காற்சட்டை. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து அளந்தேன். பையனுடையதற்கு உள்கால் நீளம் 6 அங்குலம், சிறுமியுடையதற்கு 2 அங்குலம். பையனுடைய பொக்கற்றுக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. சிறுமியுடையதில் பொக்கற் போன்ற தையல் மட்டும் இருந்தது, வாய் திறக்கவில்லை. துணி அதே துணி, சிறுமியுடையதற்கு விலை 150 ரூபா அதிகம். அந்தச் சிறுமி கடற்கரையில் பொறுக்கிய இரண்டு சிப்பிகளைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பிக்கு வைக்க இடம் இருக்கிறது அன்ரி, எனக்கு இல்லை" என்றாள்.

அந்த வயதில் உடம்பு அப்படியொரு வித்தியாசத்தைக் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஐந்து வயது ஆண் பிள்ளையின் நடு உயரம் 110.0 சென்ரிமீற்றர், பெண் பிள்ளையினது 109.4. ஆறு மில்லிமீற்றர் இடைவெளி. ஒரு தையல்காரிக்கு அது மடிப்புக்குள் மறைந்துபோகும் அளவு. கால் நீளத்தில் நான்கு அங்குல வித்தியாசமும் மூடிய பொக்கற்றும் வரைபடத்தில் ஒருவர் எடுத்த முடிவு. அந்த வரைபடங்களை வெட்டிய கைகளில் என் கையும் ஒன்று என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

ஏன் அப்படி முடிவெடுக்கிறார்கள்? அக்காவின் சட்டையைத் தம்பிக்குப் போட முடியாமல் போனால் அந்த வீடு இரண்டு முறை வாங்கும். வியாபாரத்தில் இதைவிட நேரான கணக்கு இல்லை. நிறத்தையே பாருங்கள். 1918 ஜூனில் அமெரிக்காவில் குழந்தை உடுப்பு வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, இளஞ்சிவப்பு ஆண் பிள்ளைக்கு, நீலம் பெண் பிள்ளைக்கு என்று எழுதியது. இளஞ்சிவப்பு உறுதியான நிறமாம், நீலம் மென்மையானதாம். பின்னாளில் அந்த நாட்டின் ஜனாதிபதியான பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1884 இல் இரண்டரை வயதில் எடுத்த படத்தில் வெள்ளைப் பாவாடையோடு இருக்கிறார். அன்று அது எந்தக் குழந்தைக்கும் உரிய உடுப்பு. கருவிலேயே ஆணா பெண்ணா என்று அறியும் வசதி 1980 களில் அங்கே பரவியபோது, பிறக்கும் முன்னரே நிறம் பார்த்து வாங்கும் பழக்கம் வலுத்தது என்று ஆடை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். நாம் இயற்கை என்று நினைக்கிற நிறத்துக்கு ஒரு மனித ஆயுளின் வயதுதான் ஆகிறது.

சரி, கடைக்குப் போவோம். பண்டிகைக்கு முந்திய மாலையில் போகாதீர்கள். வாரநாள் காலையில் போனால் நின்று பார்க்க இடமும் கேட்க ஆளும் கிடைக்கும். உள்ளே போனதும் உடுப்பைத் தொடாமல் ஐந்து நிமிடம் கடையைப் பாருங்கள். ஆண் பிள்ளைகள் பக்கத்தில் நெஞ்சில் என்ன அச்சிட்டிருக்கிறது, பெண் பிள்ளைகள் பக்கத்தில் என்ன? ஒரு பக்கம் லொறி, டைனோசர், ரொக்கெட். மறுபக்கம் பூனைக்குட்டி, கிரீடம், பூ. ஒரு பக்கத்துப் படம் ஓடச் சொல்கிறது, மறுபக்கத்துப் படம் அழகாக நிற்கச் சொல்கிறது. பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் முன்னரே நெஞ்சில் சுமக்கும் வாசகம் அது. லொறி பிடித்த பெண் பிள்ளையும் பூனை பிடித்த ஆண் பிள்ளையும் என் கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்.

பிறகு உடுப்பை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். கடை காட்ட விரும்புவது வெளியே இருக்கிறது, நீங்கள் காசு கொடுப்பது உள்ளே இருக்கிறது. தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? அரை அங்குலம் இருந்தால் அடுத்த வருடம் பிரித்துப் பெரிதாக்கலாம், கால் அங்குலத்துக்குக் குறைந்தால் அந்த உடுப்புக்கு ஆயுள் ஒரு வருடம்தான். கீழ்மடிப்பு ஒரு அங்குலமாவது இருக்கிறதா? பொக்கற்றின் பை எந்தத் துணி? பெண்களுக்கான ரீசேர்ட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து உங்கள் விரல்களை உள்ளே விடுங்கள். விரலின் நிழல் தெளிவாகத் தெரிந்தால் துணி மெல்லியது. அதே கடையில் ஆண்களுக்கான ரீசேர்ட்டிலும் இதையே செய்து பாருங்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஓர்டரில் ஆண்களுக்கு 180 ஜி.எஸ்.எம். துணியும் பெண்களுக்கு 140 உம் வந்த நாட்கள் உண்டு. ஒரு சதுர மீற்றர் துணியின் எடைக் கணக்கு அது. இழுபடும் மெல்லிய துணி விரைவில் உருக்குலையும், விரைவில் புதிது வாங்க வைக்கும்.

இப்போது அளவு நாடா. பொக்கற்றின் வாயிலிருந்து அடி வரை அளவுங்கள். 2018 இல் அமெரிக்காவில் 20 ஜீன்ஸ் பிராண்டுகளை எடுத்து இப்படி அளந்தார்கள். பெண்களுடைய முன்பொக்கற் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 வீதம் ஆழம் குறைவு, 6.5 வீதம் அகலம் குறைவு. கைபேசியும் பஸ் காசும் வைக்க இடமில்லாதவருக்கு அதே கடையில் கைப்பை விற்கலாம். 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கைப்பையையும் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்கிற ஆணின் இரண்டு கையும் வெறுமையாக இருக்கும். ஒரு பொக்கற் செய்கிற வேலை அது.

விலையை ஒப்பிடும்போது ஒரே பிராண்ட், ஒரே வகை, ஒரே துணி என்று இரண்டை எடுத்து ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். நியூயோர்க் நகரத்தின் நுகர்வோர் விவகாரத் திணைக்களம் 2015 இல் இப்படித்தான் ஏறத்தாழ 800 பொருட்களைச் சோடி சேர்த்துப் பார்த்தது. பெண்களுக்கான உடுப்பு சராசரியாக 8 வீதம், பெண் பிள்ளைகளுக்கானது 4 வீதம் விலை கூட இருந்தது. நம் ஊர்க் கணக்கை நீங்களே கைபேசியில் படம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். விலைச்சீட்டும் துணிவிவரச் சீட்டும் ஒரே படத்தில் வரவேண்டும்.

எதிர்ப்பக்கத்து அலுமாரிக்கும் போங்கள். பலர் தயங்குவது இங்கேதான், விற்பனையாளரும் "அது ஜென்ட்ஸ் பக்கம்" என்பார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அளவைப் பாருங்கள். சேர்ட்டை மேசையில் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது உங்கள் நெஞ்சுச் சுற்றளவைவிட 4 அங்குலம் கூட இருந்தால் சாதாரணமாகப் போட வசதி. அடுத்தது தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பைத் தாண்டி ஒரு அங்குலத்துக்கு மேல் விழுந்தால் விட்டுவிடுங்கள். இடுப்பையும் நீளத்தையும் நாங்கள் திருத்தலாம். தோளைத் திருத்த உடுப்பையே பிரிக்க வேண்டும், கூலி சேர்ட்டின் விலைக்கு வந்துவிடும். பிள்ளைகளுடையதற்கு எட்டு வயது வரை இந்தக் கணக்கும் தேவையில்லை, வயது இலக்கத்தைப் பார்த்து எடுங்கள். பிரித்தானியாவில் ஜோன் லூயிஸ் நிறுவனம் 2017 இல் தன் சொந்தப் பிள்ளைகள் உடுப்பில் 'ஆண்', 'பெண்' சீட்டுகளை எடுத்துவிட்டது. பாடசாலைச் சீருடைக்குள் நான் போகவில்லை, அது கடையின் கையில் இல்லை.

'யுனிசெக்ஸ்' என்ற சீட்டைக் கண்டு அவசரப்படாதீர்கள். நாங்கள் தைத்த யுனிசெக்ஸ் ஓர்டர்கள் எல்லாம் ஆண்களுக்கான அடிப்படை மாதிரியிலிருந்து வெட்டப்பட்டவை. இடுப்பில் இறுகும், தோளில் தொங்கும். எல்லாப் பாலினத்தவரையும் மதிக்கிறோம் என்று காட்ட வானவில் அச்சிட்ட ரீசேர்ட்டையும் அப்படியே நிதானமாகப் பாருங்கள். அதை விற்கிற கடையில் உடுப்பு மாற்றும் அறைக்கு யார் எந்த உடுப்போடு போனாலும் மறிக்காமல் விடுகிறார்களா என்பதுதான் நான் முதலில் கவனிப்பது.

காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வந்தார். திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர். புது வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. ஒரு கடையில் ஆண்கள் பக்கம் சேர்ட் எடுத்தபோது, விற்பனையாளர் சத்தமாகப் பெண்கள் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அங்கே கையில் கிடைத்த ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நல்ல பருத்தி, இளநீலம், தோளும் பொருத்தம். ஆனால் தெறி மறுபக்கம், பெண்களுடைய சேர்ட்டில் இருப்பதுபோல. "அக்கா, இதை மாற்ற முடியுமா? யாருக்கும் தெரியாது என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும்" என்றார். 2016 முதல் இலங்கையில் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று ஆவணங்களைத் திருத்த வழி இருக்கிறது. ஒரு சேர்ட் வாங்க அந்தச் சான்றிதழை யாரும் காட்டத் தேவையில்லை. கடைகளில் வேலை செய்கிற தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றே: "யாருக்கு?" என்று கேட்காமல் "என்ன அளவு?" என்று கேளுங்கள். வியாபாரம் ஒன்றும் குறையாது.

தெறியின் பக்கம் சின்ன விஷயம் இல்லை. ஏற்றுமதிச் சுங்க வகைப்பாட்டின் 61, 62 ஆம் அத்தியாயங்களில் அது எழுதியே இருக்கிறது: முன்பக்கத்தில் இடது வலதின் மேல் படிந்தால் ஆண்களுடையது, வலது இடதின் மேல் படிந்தால் பெண்களுடையது. யாருக்கான உடுப்பு என்று அதன் வெட்டே தெளிவாகக் காட்டினால் இந்த விதி பொருந்தாது. எதுவென்று பிரித்தறிய முடியாதவை பெண்களுடைய தலைப்பின் கீழ் போகும். அந்தச் சுங்கப் படிவங்களோடு கப்பலேறிய பெட்டிகளை எண்ணியிருக்கிறேன். அதே தொழிற்சாலைகளின் மிச்சம் புறக்கோட்டை நடைபாதையில் சீட்டு வெட்டப்பட்டுக் குவியலாகக் கிடக்கும்போது, சனம் உடம்பில் வைத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுக்கிறது. கடைக்குள்ளும் அப்படியே வாங்குங்கள்.

அந்தச் சிறுமிக்குப் பொக்கற் வைத்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் வீட்டில் செய்யலாம். பிள்ளையின் கையைக் கடதாசியில் வைத்து வரைந்து, சுற்றிவர 2 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். பழைய சாரத்தின் துணி இதற்கு மிக நல்லது, துவைத்துத் துவைத்து மெதுவாகி இருக்கும், கிழியாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டு. மூடிய பொக்கற்றின் தையலைப் பிரித்து, ஒரு துண்டை வாயின் முன்விளிம்பிலும் மற்றதைப் பின்விளிம்பிலும் வைத்துத் தைத்து, இரண்டையும் உள்ளே தள்ளிச் சுற்றிவரப் பொருத்துங்கள். வாயின் இரண்டு முனையிலும் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள், முதலில் கிழிவது அந்த இடம்தான். சட்டையாக இருந்தால் பக்கத் தையலில், இடுப்புக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் விட்டு, 12 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பிரித்து இதையே செய்யலாம். பெரியவர்களுக்கு 15 வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்குப் போன தம்பியின் சேர்ட்டுக்கு ஒரு மணித்தியாலம் போனது. வலப்பக்கத்துத் தெறித்துளைகளை ஒவ்வொன்றாக நூலால் மூடித் தைத்து, அவற்றின் மேலேயே தெறிகளைப் பொருத்தினேன். இடப்பக்கத்தில் தெறிகளைக் கழற்றிய இடத்தில் உள்மடிப்பிலிருந்து வெட்டிய துணியால் 3 சென்ரிமீற்றர் பட்டி ஒன்று வைத்து, அதில் புதுத் துளை வெட்டினேன். கழுத்துப்பட்டித் தெறியை மறந்துவிடாதீர்கள், அதையும் மாற்ற வேண்டும். சேர்ட்டுக்கு 18 லைன் என்ற அளவுத் தெறி, புறக்கோட்டையில் டசின் கணக்கில் வாங்கலாம். உள்மடிப்பில் துணி போதாவிட்டால் கையின் மடிப்புப் பட்டியின் உட்பக்கத்தில் எடுங்கள், அங்கே வேறு துணி வைத்தாலும் வெளியே தெரியாது.