"இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள்: பிரசவத்துக்கு அப்புறம் நீளும் வலியில் நாம் செய்யும் தவறுகள்

என் பெண்ணுக்கு இரண்டு வயது முடிந்த பிறகும் எனக்கு வலி போகவில்லை. வில்லிவாக்கத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீடு. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பால் பாக்கெட், ஒவ்வொரு படிக்கும் அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பில் சுருக்கென்று இழுக்கும். ராத்திரி புரண்டு படுத்தாலும் அதே இடம்தான். "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான்" என்றார் மாமியார். அம்மாவும் அதையேதான் சொன்னார். அவர்களுக்கும் இப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள், அதை நம்பி அவர்களும் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

பிரசவமாகி மூன்று மாதம், ஆறு மாதம் தாண்டியும் நீடிக்கிற வலியை "அப்படித்தான்" என்று விடக்கூடாது. பலருக்கும் வருகிற வலிதான், ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டிய வலி இல்லை.

நான் செய்த பெரிய தவறு வேறு. மூன்று டாக்டர்களிடம் போய் "இடுப்பு வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னேன், மூன்று பேரும் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நம் பேச்சில் புடவை செருகும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, கீழ்முதுகும் இடுப்பு. அதற்கும் கீழே என்றால் கூச்சம், குரலைத் தாழ்த்தி "கீழே" என்போம், அவ்வளவுதான். கேட்கிறவருக்கு எந்த இடம் என்று எப்படிப் புரியும்?

இடம் மாறினால் காரணமே மாறும். கர்ப்பத்தில் ரிலாக்சின் முதலான ஹார்மோன்கள் இடுப்பெலும்புகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. முன்னெலும்பு சேரும் இடத்திலோ, பின்னால் இரண்டு குழி விழுமே அந்த மூட்டுகளிலோ வலித்தால் அந்தத் தளர்வு காரணமாக இருக்கலாம். உட்கார்ந்தால், முக்கியமாக உட்கார்ந்து எழும்போது வலித்தால் வால் எலும்பு. தையல் போட்ட இடத்தில் எரிச்சலும் இழுப்பும் இருந்தால் தழும்பு. மாதவிடாய் வரும்போதெல்லாம் சிசேரியன் தழும்பு வீங்கி வலித்தால், கருப்பையின் உள்படலத் திசு அங்கே ஒட்டி வளர்ந்திருக்கலாம், அதை அவசியம் காட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றுவிட்டுச் சாயங்காலம் அடிவயிறு கனத்துப்போனால் வீங்கிய ரத்தக் குழாய்கள்கூடக் காரணமாக இருக்கலாம். அதனால் விரலை வைத்து இடத்தைக் காட்டுங்கள். எப்போது வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் மறந்துவிடும்.

அடுத்தது கீகல் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்குவதுபோலக் கீழ்த்தசையை இறுக்கி விடுவது. வீடியோவைப் பார்த்து தினமும் நூறு தடவை இறுக்கினேன், இரண்டு மாதத்தில் வலி அதிகமானது. இந்தப் பயிற்சியை 1948-இல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தது, பிரசவத்தில் தளர்ந்துபோன தசைக்காகவும், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறவர்களுக்காகவும். முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டினதுபோல ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிலருக்கு அது தளர்ந்திருக்கும், சிலருக்கு வலிக்குப் பயந்து பயந்தே அது இறுகிப்போயிருக்கும். இறுகின தசையை இன்னும் இறுக்கினால் என்ன ஆகும்? சிறுநீர் ஆரம்பிக்கவே நேரமாகிறது, மலம் முக்கினால்தான் வருகிறது, தாம்பத்தியத்தில் வலிக்கிறது என்றால் இறுக்கத்தைச் சந்தேகப்படலாம். அப்போது தேவை வயிறு விரிய மூச்சிழுத்து கீழ்த்தசையைத் தளரவிடும் பயிற்சி. எது நமக்கு என்பதைப் பெண்கள் நலப் பயிற்சி உள்ள பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும், வீடியோ சொல்லாது.

தாம்பத்தியத்தைப் பற்றிச் சொன்னேன், அதை மறைப்பதும் தவறுதான். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் குறைவதால் உள்ளே வறண்டுபோய் வலிக்கும். அதற்கு மருந்து உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிக்க வேண்டாம், வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லுங்கள், முடிந்தால் டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.

"முதுகுல ஊசி போட்டாங்க, அதான்" என்று சிசேரியன் ஆன எல்லோரும் சொல்கிறோம். ஊசி குத்தின இடம் சில நாள் வலிக்கும், சரி. ஆனால் வருஷக்கணக்கான முதுகுவலிக்கு அது காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. பழியை ஊசிமேல் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

மெடிக்கலில் வலி மாத்திரை அட்டை அட்டையாக வாங்கிப் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். வயிறு கட்டும்போது மூச்சு முட்ட இறுக்காதீர்கள், அந்த அழுத்தம் கீழேதான் இறங்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் அடங்கிப்போகாதீர்கள், தசை இறுக்கம் சாதாரண ஸ்கேனில் தெரியாது.

வீட்டில் எனக்குக் கைகொடுத்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். உட்கார்ந்தபடி உடை மாற்றினேன். முழங்கால்களைச் சேர்த்துவைத்துப் புரண்டேன். படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறினேன். குழந்தையை ஒரே பக்க இடுப்பில் வைப்பதை விட்டேன். ஸ்கூட்டர் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் குலுங்கிப் போவதை நிறுத்தி, கொஞ்ச நாள் பஸ்ஸில் போனேன். தண்ணீர் கேனை வீட்டுக்காரர் தூக்கினார்.

காசு இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன: எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-லிருந்து இருக்கிறது, திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, நம் பாட்டிகள் கோஷா ஆஸ்பத்திரி என்பார்களே அது, ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை. காலையிலேயே புறநோயாளி பிரிவுக்குப் போய், பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

காய்ச்சலோடு வலி, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், திடீரென்று அதிக ரத்தப்போக்கு, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, கால் பலமிழப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.