வங்குரோத்துக்குப் பிறகு வீட்டுக் கடன்: ஒன்ராறியோவில் தரகரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்

வங்குரோத்து முடிந்து டிஸ்சார்ஜ் (கடன்களிலிருந்து விடுதலை) கடிதம் கையில் கிடைத்த கொஞ்ச நாளிலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "வங்கி மறுத்ததா? கவலை வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்" என்ற விளம்பரம் ஏற்கெனவே ரேடியோவிலும், ஸ்காபரோ தமிழ்க் கடைகளின் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகைகளிலும் வந்துகொண்டுதான் இருந்தது. இப்போதுதான் அது உங்களைப் பார்த்துச் சொல்வதுபோலக் கேட்கும். பல மாதமாக எல்லா இடத்திலும் "இல்லை" என்று கேட்டுக் களைத்தவருக்கு முதலில் வரும் "ஓம்" பெரிய ஆறுதல். மோசமான கடன்காரரும் (கடன் கொடுப்பவரும்) அவசரக்காரத் தரகரும் நம்பியிருப்பது அந்த ஆறுதலைத்தான்.

எல்லாத் தரகரும் கள்ளர் என்று சொல்ல வரவில்லை. உங்கள் நிலைமையை விளங்கிக்கொண்டு, "இப்ப வேண்டாம், இரண்டு வருஷம் கழிச்சு வாங்கோ" என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். சட்ட விவரங்கள் ஒன்ராறியோவுக்கு உரியவை. மற்ற மாகாணங்களில் சில விதிகள் மாறும்.

படி 1: விடுதலை ஆகிவிட்டதா என்று பாருங்கள்

முதல் தடவை வங்குரோத்து என்றால், மேலதிக வருமானம் (அரசு வைத்த வரம்புக்கு மேற்பட்ட வருமானம்) இல்லாதவருக்கு வழக்கமாக 9 மாதத்தில் தானாகவே டிஸ்சார்ஜ் கிடைக்கும். மேலதிக வருமானம் இருந்தால் 21 மாதம். இரண்டாம் தடவை என்றால் 24 அல்லது 36 மாதம். டிஸ்சார்ஜ் கிடைக்கும் முன், நீங்கள் வங்குரோத்தில் இருப்பதைச் சொல்லாமல் 1,000 டொலர் அல்லது அதற்கு மேல் கடன் வாங்குவது குற்றம். ஆகவே "அதைச் சொல்லத் தேவையில்லை, நான் சமாளிக்கிறேன்" என்று ஒரு தரகர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சமாளிப்பது அவர், மாட்டுவது நீங்கள்.

உங்கள் வங்குரோத்தை நடத்திய ட்ரஸ்டியிடமிருந்து இரண்டு தாள்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்: டிஸ்சார்ஜ் சான்றிதழ், எந்தெந்தக் கடன்கள் வங்குரோத்தில் சேர்க்கப்பட்டன என்ற பட்டியல். இரண்டாவதைப் பலரும் தொலைத்துவிடுகிறார்கள். அடுத்த படியில் அதுதான் தேவைப்படும்.

படி 2: கிரெடிட் ரிப்போர்ட்டை நீங்களே எடுங்கள்

தரகர் எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களிலுமே இலவசமாக எடுக்கலாம். இரண்டையும் எடுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. முதல் வங்குரோத்தை டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து ஈக்விஃபாக்ஸ் 6 வருடம் வைத்திருக்கும். டிரான்ஸ்யூனியன் ஒன்ராறியோவில் 7 வருடம் வைத்திருக்கும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது புள்ளியை (உங்கள் கடன் நம்பகத்துக்குப் போடும் எண்ணை) மட்டுமல்ல. வங்குரோத்தில் சேர்த்த ஒவ்வொரு கணக்கிலும் நிலுவை பூச்சியம் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கிரெடிட் கார்ட் ஒன்று இன்னும் "7,000 டொலர் பாக்கி, வசூலுக்கு அனுப்பப்பட்டது" என்று கிடந்தால், வங்கியின் கண்ணுக்கு நீங்கள் இன்றைக்கும் கட்டாமல் இருப்பவர். அந்தப் பட்டியலையும் சான்றிதழையும் இணைத்து, திருத்தச் சொல்லி எழுதினால் போதும், காசு செலவில்லை. "கிரெடிட்டைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பிழையான தகவலை நீங்களே திருத்தலாம். சரியான தகவலை அழிக்க அவராலும் முடியாது.

படி 3: நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

கடன் தருபவர்களை இங்கே மூன்று வகையாகப் பேசுவார்கள். முதலாவது, பெரிய வங்கிகள் போன்ற 'ஏ' வகை. வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவான முற்பணத்தோடு இவர்களிடம் போனால் கடன் காப்புறுதி வேண்டும். அரசு நிறுவனமான சி.எம்.எச்.சி. காப்புறுதி தருவதற்குக் கேட்கும் குறைந்தபட்சப் புள்ளி 600. வங்குரோத்து முடிந்தவரிடம் வழக்கமாக எதிர்பார்ப்பது, டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வருடம் கடந்திருப்பதும், அதற்குப் பிறகு ஒழுங்காகக் கட்டிவரும் இரண்டு புதிய கடன் கணக்குகளும். வைப்புப் பணம் கட்டி எடுக்கும் கிரெடிட் கார்ட் ஒன்றைச் சீக்கிரம் எடுத்து, மாதாமாதம் சிறிய தொகை பாவித்து முழுதாகக் கட்டிவருவது இதற்கு நல்ல தொடக்கம்.

இரண்டாவது, பெரிய வங்கிகள் மறுப்பவர்களையும் பார்க்கும் 'பி' வகை. வட்டி கூடுதலாக இருக்கும், பெரும்பாலும் ஒரு சதவீதம் கட்டணமும் உண்டு, முற்பணம் 20 சதவீதமாவது கேட்பார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி அதிக காலம் ஆகாதவரையும் இவர்கள் பார்ப்பார்கள். மூன்றாவது தனியார் கடன். இவர் உங்கள் வருமானத்தைவிட வீட்டின் பெறுமதியைத்தான் பார்ப்பார். வீட்டு விலையில் கால்வாசி உங்கள் முற்பணம் என்றால், விலை கொஞ்சம் விழுந்தாலும் அவர் பணம் அவருக்கு வந்துவிடும். அம்மா அப்பாவின் சேமிப்பு, மனைவியின் சீட்டுக் காசு எல்லாம் சேர்த்துப் போட்ட அந்த முற்பணம்தான் அவருக்குப் பாதுகாப்பு. உங்களால் கட்ட முடியுமா என்ற கேள்வியை அவர் கேட்காமல் விடுவதற்குக் காரணம் இதுதான்.

என் கருத்தைக் கேட்டால்: வாடகை வீட்டில் சமாளிக்க முடிகிறது, இரண்டு வருடம் இன்னும் ஆகவில்லை என்றால் தனியார் கடன் பக்கமே போகாதீர்கள்.

படி 4: உரிமத்தைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) தரகர்களுக்கு உரிமம் தருவது எஃப்.எஸ்.ஆர்.ஏ. என்ற நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம். அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டால் அவருக்கு உரிமம் இருக்கிறதா, எந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்கிறார் என்று தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் ஏஜென்டுகளில் இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலை உரிமம் மட்டும் வைத்திருப்பவர் தனியார் கடன் பிடித்துத் தர முடியாது. வீடு விற்கும் ஏஜென்ட், வரி செய்து தரும் கணக்காளர், கோயிலில் பழக்கமான அண்ணை இவர்களெல்லாம் மோட்கேஜ் உரிமம் இல்லாமல் உங்களுக்குக் கடன் பேச்சு நடத்தினால் சந்தேகப்படுங்கள்.

முற்கூட்டியே பணம் கேட்டால்? கடன் தொகை 400,000 டொலர் அல்லது அதற்குக் குறைவு என்றால், தரகு நிறுவனம் முற்கூட்டியே கட்டணம் வாங்கவே கூடாது. அதற்கு மேற்பட்ட கடனுக்கு இந்தத் தடை இல்லை. ரொறன்ரோ விலையில் முதல் மோட்கேஜ் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதை மறக்காதீர்கள். எதுவாக இருந்தாலும், ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு இ-டிரான்ஸ்ஃபர் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம்.

படி 5: வெளியே வரும் வழியைக் கேளுங்கள்

எல்லாரும் கேட்பது "எவ்வளவு வட்டி?" என்றுதான். வங்குரோத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்தக் கடனிலிருந்து எப்படி வெளியே வருவது? தனியார் கடன் பெரும்பாலும் ஒரு வருடத் தவணைக்குத்தான். வருட முடிவில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும், அல்லது வேறொருவரிடம் மாற்ற வேண்டும், அல்லது அவர் கேட்கும் விலைக்குப் புதுப்பிக்க வேண்டும்.

பேச்சு வழக்கமாக இப்படித்தான் போகும்:

"அண்ணை, ஒரு வருஷத்துக்குப் பிறகு என்ன செய்யிறது?"

"அது அப்ப பாப்பம் தம்பி. முதல்ல வீட்டை எடுப்பம். விலை ஏறிடும், வங்கிக்கு மாத்திடலாம்."

அங்கே விடாதீர்கள். எந்த வங்கிக்கு? அவர்கள் கேட்கும் புள்ளி எவ்வளவு? அந்தத் தேதியில் என் டிஸ்சார்ஜுக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும்? இன்றைய வருமானத்தை வைத்து அந்த வங்கியின் கணக்கில் நான் தேறுவேனா? வங்கி உண்மை வட்டியோடு இன்னும் 2 சதவீதம் கூட்டி, அல்லது 5.25 சதவீதத்தில், எது கூடவோ அதில் கணக்குப் போட்டுப் பார்க்கும். நல்ல தரகர் கால்குலேட்டரை எடுத்துப் பதில் சொல்வார். மற்றவர், "என்னை நம்ப மாட்டியளே?" என்பார்.

இதோடு தரகரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "உங்களுக்கு யார் காசு தருகிறார்கள், எவ்வளவு?" வங்கிக் கடனில் தரகருக்கான கூலியைப் பெரும்பாலும் வங்கியே கொடுக்கும். தனியார் கடனில் அது உங்கள் கடன் தொகையிலிருந்தே கழியும். சிலவேளை கடன் கொடுப்பவர் தரகரின் உறவினராகவோ கூட்டாளியாகவோ இருப்பார். அதை அவர் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸப்பில் குரல் பதிவாக வந்த வாக்குறுதிகளையும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 6: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

ஒரு உதாரணம். தனியார் கடன் 400,000 டொலர், வட்டி 11 சதவீதம், ஒரு வருடம், வட்டி மட்டும் கட்டுவது. கடன்காரர் கட்டணம் 2 சதவீதம், தரகர் கட்டணம் 2 சதவீதம்.

கட்டணங்கள் 8,000 + 8,000 = 16,000. அதை முதலிலேயே கழித்துவிடுவார்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்வது 384,000. மாத வட்டி ஏறக்குறைய 3,667 டொலர், வருடத்துக்கு 44,000. ஆக ஒரு வருடத்தில் போவது 60,000. வருட முடிவில் எவ்வளவு கடன் மிச்சம்? அதே 400,000. கைக்கு வந்த 384,000-க்கு 60,000 என்றால் உண்மையில் 15.6 சதவீதம். 11 என்று பேசிய வட்டி இது. இதற்கு மேல் இரண்டு தரப்புச் சட்டத்தரணிச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். புதுப்பிக்க 1 சதவீதம் கேட்டால் இன்னொரு 4,000.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடுங்கள்: காசோலை திரும்பினால் எவ்வளவு, ஒரு நாள் பிந்தினால் எவ்வளவு, முன்னதாகக் கட்டி முடிக்கலாமா, எத்தனை மாத வட்டி அபராதம், புதுப்பிக்கும் கட்டணம் இப்போதே எழுதப்பட்டிருக்கிறதா. கடன் செலவு விவரத் தாளைக் கையெழுத்துக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே உங்களிடம் தந்திருக்க வேண்டும். சட்டத்தரணி அலுவலகத்தின் வரவேற்பறையில் வைத்து முதன்முதலாக நீட்டினால் பேனையை எடுக்காதீர்கள். 2025 ஜனவரி 1 முதல், கட்டணங்களையும் சேர்த்து வருட வீதம் 35 சதவீதத்தைத் தாண்டும் கடன் பொதுவாகக் குற்றவியல் சட்டத்துக்குள் வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு எடுக்கும் அவசரக் கடன்களில், கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தால் சில அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

படி 7: உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணி

தரகர் காட்டுகிறவர் வேண்டாம். கடன்காரரின் சட்டத்தரணி கடன்காரருக்குத்தான் வேலை செய்கிறார், எவ்வளவு சிரித்துப் பேசினாலும்.

படி 8: பொய்த் தாளும் பிறர் பெயரும்

"வேலைக் கடிதம் ஒன்று செய்து தருகிறேன், டி4-ஐயும் (வேலை தருபவர் கொடுக்கும் வருடச் சம்பளத் தாள்) கொஞ்சம் ஏற்றிவிடலாம்" என்று சொல்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. வங்குரோத்து முடிந்தவருக்கு இதில் இன்னொரு பொறி உண்டு: பொய் சொல்லி வாங்கிய கடன் அடுத்த வங்குரோத்திலும் அழியாது. முதல் தடவை கிடைத்த விடுதலை இந்தக் கடனுக்குக் கிடைக்காது.

எங்கள் ஆட்களிடம் அதிகம் நடப்பது அடுத்தது. "உங்கட பேரில எடுக்க ஏலாது, அக்கான்ட பேரில எடுப்பம், நீங்கள் கட்டுங்கோ." வீட்டில் யார் இருக்கப் போகிறார், யார் காசு கட்டப் போகிறார் என்பதை மறைத்து எடுத்தால் அதுவும் மோசடிதான். நேர்மையாக இணைக் கையெழுத்துப் போட்டாலும், நீங்கள் கட்டாத மாதம் முழுக் கடனும் அக்காவின் தலையில் விழும். அவருடைய கிரெடிட்டும் போகும். அக்காவின் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்

தவணை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறொரு உரிமம் பெற்ற தரகரிடம் மாற்று வழி கேட்கத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் போனால் கடன்காரர் சொல்வதுதான் விலை. தரகர் மேல் முறைப்பாடு இருந்தால் முதலில் அவருடைய நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் திருப்தி இல்லையென்றால் எஃப்.எஸ்.ஆர்.ஏ.-வுக்குக் கொடுக்கலாம்.

மாதக் கட்டணம் தவறிவிட்டால் நாள்களை எண்ண வேண்டும். ஒன்ராறியோவில் கடன்காரர் நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை விற்கும் நடைமுறையைத் தொடங்கலாம். தவறி 15 நாள் ஆன பிறகு விற்பனை அறிவித்தலை அனுப்பலாம். அதிலிருந்து குறைந்தது 35 நாள் உங்களுக்கு அவகாசம் உண்டு. அந்த நாள்களுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டினால் வீடு நிற்கும். பதிவுத் தபால் வந்தால் பயத்தில் மேசை இழுப்பறைக்குள் வைக்காதீர்கள். கடித உறையோடு அன்றைக்கே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். மற்றக் கடன்களும் கழுத்தை நெரித்தால் உங்கள் பழைய ட்ரஸ்டியிடமும் பேசுங்கள். முதல் சந்திப்புக்குப் பெரும்பாலானோர் பணம் வாங்குவதில்லை.