"உன் பேர்ல ஒரு இ.எம்.ஐ. போடுறியா?": கல்லூரிக் காலத்தில் தவிர்க்க வேண்டிய பணத் தவறுகள்

ஜூன் பிறந்தால் மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். இன்டர்ன்ஷிப் பணத்தைக் கொடுக்கும்போதே வரியாகப் பிடித்த டி.டி.எஸ்.ஸைத் திரும்ப வாங்க வேண்டும், அதுதான் வந்த வேலை. ஆனால் பேங்க் ஸ்டேட்மென்டைப் புரட்டினால் வேறு கதைகள் வெளியே வரும். அதில் பாதி, அந்த வயதில் நானே தண்டம் கட்டிய சங்கதிகள். செயலிகளின் பெயர்தான் மாறியிருக்கிறது.

டீயைக் குறை, பிரியாணியைக் குறை, வரவு செலவு எழுது என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை வீட்டிலேயே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். மெஸ் பில்லில் மாதம் 300 ரூபாய் மிச்சம் பிடிக்கும் பையன், ஒரு ஓடிபியைச் சொல்லி அதைப்போல ஐம்பது மடங்கைத் தொலைக்கிறான். பேச வேண்டியது அந்த ஓடிபியைப் பற்றி.

அடுத்தவனுக்காக உங்கள் பெயரில் கடன்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கிப் படித்த பையன். அறைத்தோழனுக்கு போன் வேண்டும். தோழனுக்கு ஏற்கெனவே எங்கோ பாக்கி இருந்ததால் கடையில் அவன் பெயருக்கு இ.எம்.ஐ. கிடைக்கவில்லை. "உன் ஆதார், பான் மட்டும் குடுடா. மாசாமாசம் ஜிபே பண்ணிடறேன்." பத்து நிமிடத்தில் முடிந்தது. 24,000 ரூபாய் போன், 12 தவணை, தவணைக்கு 2,000. நாலு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது மாதம் தோழன் வேலை கிடைத்துப் பெங்களூரு போனான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

தவணை தேதியில் கணக்கில் பணம் இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் அபராதம் போட்டது, வங்கி தன் பங்குக்குத் தனியாக, ஜிஎஸ்டியோடு பிடித்தது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவனுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். அது கணக்கில் ஏறிய அன்றே பழைய அபராதத்துக்குப் போயிற்று. மூன்று மாதம் இப்படி நடந்த பிறகுதான் என்னிடம் வந்தான்.

"அண்ணா, போன் அவன்கிட்டதானே இருக்கு? அவனைத்தானே கேக்கணும்?"

கேட்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அவன் பெயரே இல்லை. கடன் வாங்கியவர், தவணை எடுக்க அனுமதி தந்தவர், தவறியவர், எல்லாமே நீங்கள். தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாட்டில் பணம் இல்லாமல் திரும்புவது, செக் திரும்புவதைப் போலவே 2007-ஆம் ஆண்டு பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் குற்றம். ஒரு போனுக்காக யாரும் சிறைக்குப் போவதை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பிரிவை எழுதி ஊரில் இருக்கும் அப்பா பெயருக்கு வரும் வக்கீல் நோட்டீசைப் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு இன்றுவரை எரிச்சல், கேட்ட தோழன் மேல்கூட இல்லை. கடைக்கு இரண்டு பையன்கள் வருகிறார்கள், ஓடிபி ஒருவனுக்கு வருகிறது, டப்பாவை இன்னொருவன் வாங்கிக்கொண்டு போகிறான். கவுன்டரில் இருப்பவருக்கு அது கண்ணில் படாமலா இருக்கும்? அன்றைய டார்கெட் முடிந்தது என்று சிரித்துக்கொண்டே கவர் போட்டுக் கொடுக்கிறார்.

அபராதம் போனால் போகட்டும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் அறிக்கையில் ஏறுவதுதான் பெரிய செலவு. மதிப்பெண் 300 முதல் 900 வரை. அதன் கீழே மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்ற கட்டம் இருக்கும், வங்கிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். "எனக்கு இப்போ எதுக்குக் கடன்?" என்று நினைக்கலாம். வேலைக்கே வினையாக வந்திருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் திருப்பிச் செலுத்தியதில் இருந்த குறையைக் காட்டி வங்கி ரத்து செய்தது. பாக்கியைக் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடியும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்றது. வங்கித் தேர்வுக்கு அண்ணா நகரில் கோச்சிங் போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்? நண்பனைத் துரத்துவதை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் பாக்கியைக் கட்டுங்கள். வீட்டில் சொல்லிக் கடன் வாங்கியாவது கட்டுங்கள். "பாதி கட்டு, செட்டில்மென்ட் போட்டுடலாம்" என்று வசூல்காரர் தேன் தடவிப் பேசுவார். ஒத்துக்கொண்டால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று விழும். அதை வங்கிகள், இவர் முழுசாகக் கட்டாதவர் என்றுதான் படிக்கும். முழுத் தொகையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் உட்பட நாலு நிறுவனங்கள் இந்த அறிக்கையைத் தருகின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். தவறாக இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிட்டால் அதுவும் விதிமீறல்தான், நேரத்தோடு குறித்து வையுங்கள்.

முகத்துக்கு நேரே மறுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி. "எனக்குக் கல்விக் கடன் ஓடுது மச்சி, இன்னொண்ணு போட்டா வீட்ல தொலைச்சிடுவாங்க" என்று சொல்லிவிடுங்கள். பொய்தான், பரவாயில்லை. உதவியே ஆக வேண்டும் என்றால் திரும்ப வராவிட்டாலும் தாங்கும் அளவுக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கைமாற்றாகக் கொடுங்கள். பான் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது

"உன் அக்கவுன்ட்ல பணம் வரும், எடுத்துக் குடு, கமிஷன் உனக்கு" என்பார்கள். சைபர் மோசடிப் பணம் அது. கணக்கு முடங்கும், விசாரணைக்குப் போவது நீங்கள்.

ஆப்ஷன் டிரேடிங்

வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஆராய்ந்தது. எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள், சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம். கேன்டீனில் லாப ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவனிடம் முழு வருடக் கணக்கைக் கேளுங்கள்.

உதவித்தொகை வரவில்லை என்று அலைவது

பல நேரம் வந்திருக்கும், நீங்கள் பார்க்காத கணக்குக்கு. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணை அது பார்க்காது. கல்லூரி வாசலில் குடை போட்டு உட்கார்ந்து, பை இலவசம் என்று கணக்குத் திறந்து கொடுத்தார்களே, அங்கே போயிருக்கலாம். ஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று உடனே பார்த்துவிடலாம். வேண்டிய வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

கல்விக் கடனை வேலை கிடைத்தபிறகு பார்த்துக்கொள்வது

படிக்கும் காலத்தில் தவணை கிடையாது, அது உண்மை. வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் வருடம் வாங்கிய 1 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால், நாலு வருடப் படிப்பும் அதன் பிறகு ஒரு வருட அவகாசமும் முடியும்போது வட்டி மட்டும் 50,000. அது அசலோடு சேர்ந்து, அதன்மேல் தவணை போடுவார்கள். டியூஷன் எடுத்தோ வேறெப்படியோ மாதம் 500 ரூபாய் கட்ட முடிந்தாலும் கட்டுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு 1 சதவீதம் குறைக்கும் வங்கிகள் உண்டு, கிளையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

டி.டி.எஸ்.ஸை விட்டுவிடுவது

ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் 15,000 என்றால் மொத்தம் 90,000. அதில் 10 சதவீதம், 9,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். பான் கொடுக்காமல் இழுத்தடித்திருந்தால் 20 சதவீதம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் அந்தப் பணம் முழுக்க உங்களுடையது, ஆனால் வருமான வரி ரிட்டர்ன் போட்டால்தான் வரும். "சின்ன தொகைதானேண்ணா" என்று விட்டவர்களிடம், அவர்கள் பெயரில் பிடித்த வரியையெல்லாம் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துக் காட்டினால் வாயைப் பிளக்கிறார்கள். கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை போடலாம். வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தாமதக் கட்டணமும் இல்லை. வரும்போது ஆதாரில் பதிந்த நம்பர் இருக்கும் போனையும் கொண்டு வாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். அது அப்பா நம்பராக இருந்து, அவர் மானாமதுரை பஸ்ஸில் டவர் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது.